ஜூபாவுக்கு ஒரு தாசில்தார்

தெற்கு சூடானுக்கு 2011 ஜூலை 9-ஆம் தேதி விடுதலை கிடைத்தது. கொடியேற்றி இரண்டரை வருடம் ஆவதற்குள், 2013 டிசம்பரில், அதிபர் சல்வா கீரின் ஆட்களும் அவர் பதவி பறித்த துணை அதிபர் ரியக் மச்சாரின் ஆட்களும் தலைநகர் ஜூபாவிலேயே சுட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2015 ஆகஸ்டில் சமாதான ஒப்பந்தம். 2016 ஜூலையில் மறுபடி சண்டை. 2018-இல் அடிஸ் அபாபாவில் இன்னொரு ஒப்பந்தம். 2020-இல் கூட்டு அரசாங்கம். யாரும் முறுக்கிக்கொள்ளக் கூடாதென்று ஐந்து துணை அதிபர்கள். தேர்தலைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அப்போது முதல் துணை அதிபராக இருந்த மச்சாருக்கே வீட்டுக்காவல். போப் பிரான்சிஸ் 2019-இல் இந்தத் தலைவர்களை வாடிகனுக்கு வரவழைத்து, தள்ளாத வயதில் மண்டியிட்டு, அவர்களுடைய ஷூவை முத்தமிட்டுக் கெஞ்சினார். அதற்கும் மசியவில்லை.

ஐ.நா. சபைக்குப் போனார்கள், ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குப் போனார்கள், போப்பாண்டவர் வரைக்கும் போனார்கள். தருமபுரிக்கு வந்திருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் தாலுகா ஆபீசுக்கு வழி சொல்லியிருப்பார்கள்.

சமாதானத் தூது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனாள். அவன் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். நெய் பூசி, மயில்பீலி சூட்டி, ஒரு கீறல் இல்லாமல் அடுக்கிவைத்த வேல்கள். எங்கள் மன்னனுடையது எல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று புகழ்வதுபோலக் குத்திவிட்டு வந்தாள் கிழவி. இன்று அவள் வந்தால் அரசாங்கத்தின் ரெக்கார்டு ரூமைத் திறந்து காட்டலாம். அமைதிப் பேச்சுவார்த்தை ஃபைல்கள் டேக் கட்டி, நம்பர் போட்டு, ஒரு கசங்கல் இல்லாமல் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் தொண்டைமான் ரகம்.

முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீஸ் ஹாலில் ஒரு நீள மேசை. தாசில்தார், டி.எஸ்.பி., ஆர்.ஐ., வி.ஏ.ஓ. ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர், மறுபக்கம் காலனிக்காரர்கள் நாலு பேர். ஊர்க்காரர்களுக்குப் பின்னால் கதவருகே நிற்கிறவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலனிக்காரர்களுக்குப் பின்னால் சுவர். டீ வரும், பேப்பர் கப்பில். கண்ணாடி டம்ளரா சிரட்டையா என்று ஒரு காலத்தில் தலை உருண்ட விவகாரத்தைப் பேப்பர் கப் பைசா செலவில் தீர்த்துவைத்தது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம். சமூகநீதி இதைத் தாண்டி ஒரு அடி நகர்ந்ததாக அந்த ஹாலில் அத்தாட்சி கிடையாது.

பிறகு ஒரு தாள் வரும். முக்கால்வாசி ஏற்கெனவே டைப் அடித்திருக்கும். பெயரும் தேதியும்தான் காலி. மேற்படி இரு தரப்பினரும் இனி எவ்விதப் பிரச்சினையிலும் ஈடுபடுவதில்லை என்றும், சட்டம் ஒழுங்குக்குப் பங்கம் வராமல் நடந்துகொள்வதாகவும் ஒருமனதாக ஒப்புக்கொள்கிறோம். வீடு எரிந்தவனும் கையெழுத்துப் போட வேண்டும், பெட்ரோல் ஊற்றியவனும் போட வேண்டும். எரிந்தவன் என்ன பிரச்சினையில் ஈடுபட்டான் என்று கேட்டால் டி.எஸ்.பி. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அவன் வீடு எரிகிற இடத்தில் இருந்தது, அது பிரச்சினைதானே? ஒத்துவரவில்லை என்றால் இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். எட்டுப் பேர் மேல் வன்கொடுமைச் சட்டம் என்றால் நாலு பேர் மேல் கல்லெறிந்த வழக்கு. இரண்டையும் ஒன்றாக வாபஸ் வாங்க வைப்பதற்கு ராஜி என்று பெயர். மிஞ்சினால் 107 போட்டு பாண்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். (புதுச் சட்டத்தில் அதற்கு நம்பர் 126. நம்பர் மாறியதைத் தவிர வேறொன்றும் மாறிவிடவில்லை, பயப்பட வேண்டாம்.)

இந்த முறையை நாங்களே கண்டுபிடித்தோம் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. இதன் மூலப்பிரதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1957 செப்டம்பர் 10. நாம் விடுதலை வாங்கிப் பத்து வருடம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்றைய ஜூபாவைவிட இளம் வயது. இடைத்தேர்தலை ஒட்டி மூண்ட கலவரத்தை அடக்க முதுகுளத்தூரில் கலெக்டர் பணிக்கர் அமைதி மாநாடு கூட்டினார். முத்துராமலிங்கத் தேவர் வந்தார். ராணுவத்தில் இருந்து திரும்பி, தேவேந்திரர்களின் தலைவராகியிருந்த இம்மானுவேல் சேகரனும் வந்தார். முப்பத்து மூன்று வயது நிறையவில்லை. மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். 14-ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. ஊர் ஊராக எரிந்தது. கொலை வழக்கில் கைதான தேவர் 1959 ஜனவரியில் விடுதலையானார். எதிரே சரிசமமாக உட்கார்ந்து ஒரு பள்ளர் பேசியதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை என்று அந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். கலெக்டர் கூட்டிய அமைதியின் ஆயுள் ஒன்றரை நாள். ஜூபாக்காரர்கள் மனம் தளரக் கூடாது. அவர்களுடைய முதல் ஒப்பந்தம் பதினோரு மாதமாவது தாங்கியது.

ஜூபாவில் என்ன கோளாறு என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கிறது. இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் பதவி கொடுக்க வேண்டியிருக்கிறது, பதவி கொடுத்தால் சந்தேகம், சந்தேகம் வந்தால் மறுபடி சண்டை. ஐந்து துணை அதிபர் நாற்காலி போட்டும் தீராததற்கு இதுதான் காரணம். எங்கள் அமைதி நிற்கிறது என்றால், ஒரு பக்கத்துக்காரனிடம் எரிவதற்கு வீடு மட்டும் இருப்பதால்தான். அவனுக்கு நாற்காலி தேவையில்லை. பிளாஸ்டிக் சேரே ஜாஸ்தி.

2012 நவம்பர் 7-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி–திருப்பத்தூர் சாலைப் பக்கம், நாயக்கன்கொட்டாயை ஒட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள். வன்னியர் வீட்டுப் பெண்ணும் நத்தத்துப் பையனும் அக்டோபரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணைத் திருப்பி அனுப்பு என்று பஞ்சாயத்து. அவள் வரமாட்டேன் என்றாள். அவளுடைய அப்பா தற்கொலை செய்துகொண்டார். அந்த மனிதரின் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் சடலத்தைச் சாலையில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பேசுகிறேன். சாயங்காலம் ஆரம்பித்து இரவு வரைக்கும் மூன்று ஊரையும் வீடு வீடாகக் கொளுத்தினார்கள். இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் என்று அப்போது கணக்கு வந்தது. தீயணைப்பு வண்டி வரமுடியாமல் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆவேசத்தில் இருக்கிற கும்பலுக்கு மரம் வெட்ட அரிவாளும் ரம்பமும் பொறுமையும் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறவன் அமைதியைக் குலைக்கிறவன்.

உயிர்ச்சேதம் இல்லை. ஜனங்கள் காட்டுக்கும் சோளக்கொல்லைக்கும் ஓடிவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பதை அரசாங்கத் தரப்பில் எவ்வளவு திருப்தியோடு சொன்னார்கள் என்று நினைவிருக்கிறது. மயிலிறகால் தடவிக் கொளுத்தியதைப் போல.

எரிந்தவை குடிசைகள் அல்ல, பெரும்பாலும் காரை வீடுகள். நத்தத்துக்காரர்கள் உள்ளூர் நிலத்தில் கூலிக்குக் குனிவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. பெங்களூருக்குப் போனார்கள், திருப்பூருக்குப் போனார்கள். கட்டட வேலை, கம்பெனி வேலை. சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுவந்து தளம் போட்டார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், இரும்பு பீரோ வாங்கினார்கள், தவணையில் பைக் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் வந்தவர்கள் முதலில் பீரோவைத்தான் தேடினார்கள். பூட்டை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்ட பிறகே தீ. ஜாதி மானம் போய்விட்டது என்று துடிக்கிறவன் ஒன்றரைப் பவுன் சங்கிலியை மட்டும் எரியவிடாமல் காப்பாற்றிப் பையில் போட்டுக்கொள்கிறான் பாருங்கள், அந்த நிதானம் ஜூபாவில் வராது. எலும்புக்கூடாய் நின்ற பைக்குகள், வெடித்துத் திறந்த சிலிண்டர், கரியாகிப்போன ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். கூரை எரிந்தால் அடுத்த மாதம் கூரை போடலாம். பிள்ளையின் சர்டிபிகேட்டை எரித்தால் ஒரு தலைமுறை மறுபடி உங்கள் கொல்லையில் களை எடுக்க வரும் என்ற கணக்கு அதில் இருந்தது.

இதே நாயக்கன்கொட்டாயில் நக்சல் தலைவர்கள் அப்பு, பாலன் இருவருக்கும் சிலை இருக்கிறது. எழுபதுகளில் நக்சல்பாரி இயக்கம் இரட்டை டம்ளரையும் கந்துவட்டியையும் எதிர்த்து இங்கே ஆள் திரட்டியபோது வன்னியப் பையன்களும் தலித் பையன்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். அதை அரசாங்கத்தால் தாங்க முடியவில்லை. 1980-இல் வால்டர் தேவாரம் தலைமையில் போலீஸ் வேட்டை நடந்தது; பாலன் அந்தச் செப்டம்பரில் போலீஸ் அடியில் செத்தார். ஒன்றுசேர்ந்து நின்ற ஜனங்களைக் கலைக்க ஒவ்வொரு புதராகத் தேடத் தெரிந்த காவல்துறைக்கு, 2012-இல் தார்ச்சாலையில் திரண்டு வந்த கூட்டம் கண்ணில் படவில்லை. ஆள் போதவில்லை என்றார்கள் பிறகு.

வீடுகள் எரிந்த பிறகு வந்ததுதான் மேல்நிலைப் படிப்பு. தலித் பையன்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் டாக்டர் ராமதாஸ் ஊர் ஊராகப் பேசினார். நாடகக் காதல் என்று ஒரு பட்டம் புழக்கத்துக்கு வந்தது. எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர் நோய்க்கு இவ்வளவு சிக்கனமாகக் காரணம் கண்டுபிடித்தது வைத்திய சாஸ்திரத்துக்கே பெருமை: பீரோ உடைந்ததற்குக் காரணம் பேண்ட். கூட்டத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும்தான் இருந்தார்கள் என்று சொல்லப்பட்டது. நம்புகிறேன். காவிரிக்கு ஒன்றுசேராத கட்சிகள் எதற்கு ஒன்றுசேரும் என்பது எனக்குத் தெரியும். 2014 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதி டாக்டரின் மகனைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. திராவிடக் கட்சிகள் இரண்டும் அந்தச் சமயத்தில் காட்டிய நாவடக்கத்தையும் குறிப்பிட வேண்டும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தியானம் செய்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள்.

2013 ஜூலை 3-ஆம் தேதி, நத்தத்துப் பையனைக் கட்டிய அந்தப் பெண் இனி அவனோடு போகமாட்டேன் என்றாள். 4-ஆம் தேதி தருமபுரி அரசு கலைக்கல்லூரிக்குப் பின்புறம் ரயில் பாதையோரம் அந்தப் பையன் பிணமாகக் கிடந்தான். பிரேதப் பரிசோதனை ஒன்றுக்கு இரண்டாக நடந்தது. டெல்லி எய்ம்ஸிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கமிஷன் போட்டார்கள். தற்கொலை என்று முடிவு சொன்னது. கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆவதற்குள், இருபதை ஒட்டிய வயதில் ஒரு பையன் வீட்டிலிருந்து தண்டவாளம் வரை வந்த தூரத்தை அளக்க எந்த சர்வேயரிடமும் சங்கிலி இல்லை. மாவட்டத்தில் 144 போட்டார்கள். நாலு பேர் கூடி அழுதால் சட்டம் ஒழுங்கு கெட்டுவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் கூடிக் கொளுத்தியபோது அந்த நம்பர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த ஜூலை முதல் இங்கே அமைதி நிலவுகிறது.

தாசில்தாரின் நடுநிலையில் ஜூபாக்காரர்களுக்குச் சந்தேகம் வரலாம். வாச்சாத்தியைக் காட்டுகிறேன். அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிகளின் கிராமம். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடி வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர் போனார்கள். கட்டை கடத்தியவர்களைப் பிடிக்கப் போனவர்கள் பதினெட்டுப் பெண்களை வன்புணர்ந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், பெண்கள், குழந்தைகள் உள்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறையில் தள்ளினார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அரசாங்கம் சாதித்தது. உயர் நீதிமன்றம் சொல்லி சி.பி.ஐ. வந்தது. 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், பென்ஷனோடு. மீதி 215 பேருக்குத் தண்டனை. அப்பீல் போனார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அதே செப்டம்பர் 29-இல், 2023-இல், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வேல்முருகன் தண்டனையை உறுதிசெய்தார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். முப்பத்தொரு வருடம்.

அந்த ஆறு பேரைக் கவனியுங்கள். வனத்துறைக்குச் சந்தனம் வேலை, போலீசுக்கு அடி வேலை. வருவாய்த்துறைக்கு அந்த மலையடிவாரத்தில் என்ன வேலை? சாட்சிக்குப் போயிருப்பார்கள். மகஜர் எழுத ஒருவர், பஞ்சநாமாவுக்கு ஒருவர். எங்கள் நிர்வாகத்தில் எதுவுமே முறைப்படி நடக்கும்.

பஸ் எரித்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000 பிப்ரவரி 2, ஜெயலலிதாவுக்கு பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் தண்டனை. தருமபுரி இலக்கியம்பட்டியில் அ.தி.மு.க.காரர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். மூவருக்குத் தூக்கு, 2016-இல் ஆயுளாகக் குறைந்தது, 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு விடுதலை. மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்பட ஏழு தலித்துகளை வெட்டிச் சாய்த்த வழக்கிலும் இப்படித்தான்: மூன்று பேர் 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்கு, பதின்மூன்று பேர் 2019-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு. இந்த நாட்டில் தலைவர்கள் பிறந்ததால் யாருக்குப் பிரயோஜனம் என்று இனி யாரும் கேட்க முடியாது. ஜூபாவிலும் யாராவது ஒரு தலைவருக்கு நூற்றாண்டு வருகிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் வேறு இடங்களிலும் நல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள், மறைக்கக் கூடாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போகலாமா கூடாதா என்று தகராறு வந்தபோது, 2023 ஜூனில் கோயிலையே சீல் வைத்தார்கள். தீண்டாமையை ஒழித்த பதினேழாம் பிரிவைக் காட்டி உள்ளே கூட்டிப்போவதைவிட அரக்கு சீக்கிரம் காயும். நீதிமன்றம் சொல்லித் திறந்த பிறகும் தலித்துகள் உள்ளே கால் வைக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கூடவே போலீசும் நின்றது. திரௌபதி அம்மன் ஏற்கெனவே ஒரு சபையில் பெரியவர்கள் எல்லாரும் வாய்மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள். அவளுக்குப் பழகியிருக்கும்.

ஆகவே, ஜூபாவுக்கு இங்கிருந்து ஒரு தாசில்தாரை டெபுடேஷனில் அனுப்பலாம். டி.ஏ., டி.ஏ. அரியர்ஸ், வெயில் காலத்தில் ஜீப். ஐந்து துணை அதிபர்களையும் அவர் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, டீ கொடுத்து, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார். ஒப்பந்த வாசகத்துக்கு அடிஸ் அபாபாவில் பட்ட கஷ்டம் வேண்டாம், டைப் அடித்ததை அவரே கொண்டுவருவார், பெயரையும் தேதியையும் நிரப்பினால் போதும். முதலில் கூப்பிட வேண்டியது வீடு எரிந்தவர்களை. அகதி முகாமிலிருந்து லாரி வைத்து அழைத்து வாருங்கள், ஆளுக்கொரு பாண்டு எழுதி வாங்கி, இரண்டு ஜாமீன்தாரரையும் கேளுங்கள். எரித்தவர்களை அலைக்கழிக்க வேண்டாம். அவர்கள் வேலை வெட்டி உள்ளவர்கள். வி.ஏ.ஓ. வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி வந்துவிடுவார்.